மாடிப்படித் திருப்பத்தில் ஓர் அறிவிப்புப் பலகை

1

இக்கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பாதியில் கேட்டு நான் மழுப்புவதைவிட அது மேல். எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, படிகள் திரும்பும் இடத்தில், சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. அதன் முன்னே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் இக்கதை பிறந்தது.

'மூச்சு வாங்கிக்கொண்டிருந்த' என்று எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். இருக்கட்டும். இச்செய்தியை அறிந்தவர்கள் இருவரே: ஒருவன் நான், மற்றொருவர் இதை வாசிக்கும் நீங்கள். என் மனைவிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாது என்பதன் மீதுதான் இக்கதையின் கட்டடமே நிற்கிறது. ஆகவே நீங்களும் வாயைத் திறக்கக்கூடாது.

முன்கதை சிறியது. சென்ற ஆண்டு என் இதயத்திற்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் ஒன்றில் அடைப்பு ஏற்பட்டது. வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் அதனுள் கம்பிவலைச் சுருள் ஒன்றை வைத்தார்கள். உலகம் இதனை ஸ்டென்ட் என்கிறது. நான் கம்பிவலைச் சுருள் என்றே சொல்லிவந்ததால், ஊரில் எல்லார்க்கும் ஸ்டென்ட் வைத்துவிட்டு எனக்கு மட்டும் வேறு எதையோ வைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று என் மைத்துனர் நெடுநாள் வருந்திக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த மருத்துவர் சொன்னார்: "இனிமே இவ்வளவு தூரம் அலையாதீங்க. உங்க ஊர்லயே ஒரு நல்ல ஹார்ட் டாக்டரைப் புடிச்சு வெச்சுக்கங்க. இது ஒரு தடவையோட முடியிற விஷயம் இல்ல. கடைசி வரைக்கும் ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கணும்."

எதன் கடைசி வரைக்கும் என்று அவர் விளக்கவில்லை. தெளிவில்லாத தொடரை என்றுமே சும்மா விடாத நான், அன்று மட்டும் விளக்கம் கேட்கவில்லை.

2

முதலில் இக்கதையை நான் இப்படித் தொடங்கினேன்:

~ ஓய்வுபெற்ற இரயில் நிலைய அதிகாரி ஒருவர் தமக்கேற்ற இதயநோய் மருத்துவரைத் தேடிப் புறப்பட்டார். அவருடைய இதயம் ஒரு பழைய நீராவி இயந்திரத்தைப் போல— ~

நிறுத்திவிட்டேன். இதயத்தை இயந்திரம் என்றும், பறவை என்றும், கடிகாரம் என்றும் எழுதும் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியே என் பணிக்காலம் கழிந்தது. இக்கதையில் இதயம் எதைப் போலவும் இராது. இதயமாகவே இருக்கும். அதுவே போதுமான தொல்லை.

மற்றவர் பேச்சில் சந்திப்பிழை பிடிப்பவராக நான் அமைத்திருந்த நிலைய அதிகாரியின் மீதும் எனக்கு ஐயம் எழுந்தது. ஐயத்தைக் கிளப்பியவள் என் மனைவி. நான் எழுதும் எதையும் முதலில் வாசிப்பவள் அவள். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். மறுமுனையில் பேசுபவர் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, அழுது முடித்துவிட்டுப் பேசுகிறாரா என்பதைக் குரலைக் கொண்டே சொல்லிவிடுவாள்.

"எந்த ஸ்டேஷன்ல இருந்தாரு இவரு?" என்றாள்.

"கற்பனைப் பாத்திரத்திற்கு நிலையம் எதற்கு?"

"ரயில்காரர் எதுக்குங்க பேச்சுல சந்திப்பிழை பாக்கணும்? கொடிய ஆட்டிட்டுப் போக வேண்டியதுதான?"

நிலைய அதிகாரிக்கு அன்றே மீண்டும் ஓய்வு கொடுத்தேன். இனி இக்கதையின் தலைவன் நானே.

[மாடிப்படித் திருப்பத்தில் நான் ஏன் நிற்கிறேன் என்று யாரேனும் கேட்டால் சொல்ல எனக்கு விடை உண்டு. அறிவிப்பை வாசிக்கிறேன். தண்ணீர்த்தொட்டி தூய்மை செய்யப்படுவது குறித்து நான்கே வரிகள்; அந்நான்கு வரிகளில் அவர்கள் தமிழைப் படுத்தியிருக்கும் பாடு சொல்லி மாளாது. ஒருமை எழுவாய் பன்மையில் முடிகிறது. ஒற்று வேண்டிய இடத்தில் இல்லை. வேண்டாத இடத்தில் இருக்கிறது. 'குடியிருப்போர்' என்ற சொல்லுக்கு இடையின ரகரம் போதாதென்று வல்லின றகரம் போட்டிருக்கிறார்கள். இத்தனையையும் மனத்துக்குள் திருத்தி முடிக்க நேரம் பிடிக்காதா?]

3

மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது என்றால் தேர்வு வைக்க வேண்டும். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. வினாத்தாளில் வினா ஒன்றே: எனக்கு என்ன செய்கிறது?

படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்பதை நானாகச் சொல்லமாட்டேன். விடையை முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தேர்வு வைக்கும் ஆசிரியர் எங்கேனும் உண்டா? எந்த மருத்துவர் தாமாகக் கண்டுபிடிக்கிறாரோ அவரே என் மருத்துவர். நேரிய முறை. பாரபட்சமற்ற முறை.

(நீங்கள் இப்போது ஏதோ முணுமுணுக்கிறீர்கள். மூச்சு வாங்குவது மீண்டும் அடைப்பின் அறிகுறியாகவும் இருக்கலாமே, இதில் விளையாடலாமா என்கிறீர்கள். எனக்குத் தெரியாதா? தெரிந்ததனால்தான் சொல்லவில்லை. சொல்லப்படாத ஒன்று இன்னும் நடக்கவில்லை என்று—. இந்த வாக்கியத்தை இப்போதைக்கு இப்படியே விட்டுவிடுகிறேன்.)

முதல் மருத்துவர் மைத்துனரின் பரிந்துரை. "மாமா, அவரு பெரிய கை. அவரைப் பாக்க ஜனங்க வாசல் வரைக்கும் நிக்கிறாங்க," என்றார்.

"வாசல்வரை நிற்பது நாற்காலி இல்லாமையைக் காட்டுகிறது, திறமையைக் காட்டவில்லை," என்றேன்.

"போய்ப் பாத்துட்டுத் திட்டுங்க."

நானும் மனைவியும் சென்றோம். பெரிய கை உடையவரின் அறையில் சுவர் தெரியாத அளவுக்குச் சான்றிதழ்கள். அவர் என் துடிப்பு வரைபடத்தைப் பார்த்தார். குருதி ஆய்வின் முடிவைத் திரையில் பார்த்தார். திரையிடமே பேசினார்.

"ஈசிஜி ஓகே. கொலஸ்ட்ரால் குறைஞ்சிருக்கு. மாத்திரையெல்லாம் அப்படியே தொடருங்க. வேற ஏதாவது தொந்தரவு உண்டா?"

"ஒன்றுமில்லை."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

'வேற ஏதாவது' என்பது வினாவா? வகுப்பில் "ஐயம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே அழிப்பானை மேசையில் வைத்துவிட்டு வெளியேறும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்கள் விடையை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. மணி அடிப்பதற்காகக் கேட்கிறார்கள். பெரிய கை தேறவில்லை.

4

இரண்டாமவர் என் பழைய மாணவர். வாக்கியத்தின் இறுதியில் புள்ளி வைக்க மறந்துவிடும் பிள்ளை. ஆகவே அவருக்கு நான் வைத்த பெயர் முற்றுப்புள்ளி. இன்று நகரின் நடுவே கண்ணாடிக் கதவு போட்ட மருத்துவமனையில் இதயநோய்ப் பிரிவுக்குத் தலைவர். இவரை நினைத்து நான் உள்ளூர மகிழ்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதையின் தலைவன் தன் மாணவனின் கையிலேயே தன் இதயத்தை ஒப்படைக்கிறான், கண்ணீர், திரை. இம்முடிவுக்கு ஒரு பத்திகூட எழுதி வைத்திருந்தேன்.

நானும் மனைவியும் உள்ளே நுழைந்ததும் முற்றுப்புள்ளி எழுந்து நின்றார். நான் அமர்ந்தேன். அவர் அமரவில்லை.

"உட்கார்," என்றேன்.

"இருக்கட்டும் சார்."

நின்றுகொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். அடுத்து, தேர்வின் மையத்திற்கே வந்துவிட்டார்.

"சார், இப்ப நடக்கும்போது, மாடி ஏறும்போது, அந்த மாதிரி—"

நான் அவரைப் பார்த்தேன். வேண்டுமென்று பார்க்கவில்லை. முடிக்கப்படாத வாக்கியத்தைக் கேட்டால் என் கண்கள் தாமாக அவ்வாறு பார்க்கும். முற்றுப்புள்ளிக்கு அப்பார்வை நன்றாக நினைவிருந்தது.

"இல்ல சார். சும்மா கேட்டேன். உங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது சார். எங்களை மைதானத்தைச் சுத்தி ஓட விட்டுட்டு நீங்க முன்னால ஓடுனவராச்சே."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். அந்தப் பத்தியை நான் கிழித்துப்போட்டேன்.

திரும்பும் வழியில் மனைவி சொன்னாள்: "பாவம், உங்க நாடியப் புடிச்சுக்கிட்டு அவன் கைதான் நடுங்குச்சு. அதை எண்ணித்தான் உங்களுக்கு எழுபத்தெட்டுன்னு எழுதினானோ என்னவோ."

அன்று படியில் சற்றுக் கூடுதலாக நிற்க நேர்ந்தது. கைப்பிடிக் கம்பியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னால் ஏறிப்போன அவள், மேலே கதவருகிலிருந்து கேட்டாள்: "என்னங்க?"

"வாசிக்கிறேன்," என்றேன்.

"சரி. படிச்சுட்டு வாங்க."

கதவு மூடும் ஓசை கேட்கவில்லை.

5

"இந்தத் தடவை நான் சொல்ற இடம்," என்றாள் மனைவி. "அடுத்த தெருவுல ஒரு அம்மா பாக்குறாங்க. நடந்தே போயிரலாம்."

"அடுத்த தெருவில் இருப்பது ஒரு தகுதியா?"

"அடிக்கடி போக வேண்டிய எடத்துக்கு அதுதாங்க முதல் தகுதி. மருந்து தீந்தாலும் போகணும், காலு வீங்குனாலும் போகணும். ராஜபாட்டைல வரவேற்பு வேணும்னா முற்றுப்புள்ளிகிட்டயே போங்க, அவன் இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருப்பான்."

[கதை எழுதுபவர்க்கு ஓர் எச்சரிக்கை: இவ்வாறு பேசும் பாத்திரங்களை உள்ளே விட்டால் அவர்கள் தலைவனின் இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.]

அது தரைத்தளத்தில் அமைந்த, நீளவாக்கான ஒரு பழைய வீடு. முன்னறையில் நீலநிற நெகிழி நாற்காலிகள், ஓர் எடைபார்க்கும் கருவி, ஒரு தண்ணீர்க்குடுவை. அங்கிருந்து பின்புறம்வரை நீண்ட நடைவழி. சுவரில் 'கைபேசியை அணைத்து வைக்கவும்' என்று எழுதியிருந்தார்கள். என் இரத்த அழுத்தம் அந்த இடத்திலேயே உயர்ந்திருக்கும். பக்கத்து நாற்காலியில் இருந்த தையற்காரர் ஒருவர், எதை முறைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். கேட்டது அவர் பிழை.

"அணைத்தல் என்பது விளக்குக்கும் அடுப்புக்கும் உரிய வினை; கைபேசி எரிந்துகொண்டிருக்கும் பொருளன்று; அதன் ஒலியை அடக்கலாம், இயக்கத்தை நிறுத்தலாம், பையிலே போட்டு மறந்துவிடலாம், ஆனால் ஊதி அணைக்கத்தான் முடியாது என்பதை இப்பலகையை எழுதியவர்க்கு எடுத்துச் சொல்ல இத்தெருவில் ஒருவர்கூடவா இல்லாமற்போயினர் என்பதுதான் என் வினா," என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

தையற்காரர் தம் கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, சற்று அச்சத்தோடு அதை அணைத்தார். நிறுத்தினார் என்று படிக்கவும்.

உட்கதவருகே ஓர் அம்மையார் கைகளைத் துடைத்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நரைத்த தலை, தட்டையான செருப்பு.

"அந்த போர்டு எழுதினது நான்தாங்க ஐயா," என்றார். "வாங்க, உங்க முறைதான். நடந்துக்கிட்டே பேசுவோம்."

6

ஒவ்வொரு நோயாளியையும் அவரே முன்னறைக்கு வந்து அழைத்துச் செல்வார் என்று தையற்காரர் பிற்பாடு சொன்னார். அவர் என்னை அழைத்தபோது அதைப் பணிவு என்றே நான் நினைத்துக்கொண்டேன். என் மனைவி எங்கள் பின்னே வந்தாள்.

"சொல்லுங்க. அணைக்கிறதுல என்ன தப்பு?"

"அணைத்தல் நெருப்புக்கு உரியது. கைபேசிக்கு ஆகாது."

"அப்ப கைபேசியை?"

"நிறுத்தவேண்டும்."

நடைவழி முடிந்தது. அறை வரவில்லை. "ரூமைத் தாண்டி வந்துட்டோம், திரும்பணும்," என்றார் அவர், வேகத்தைக் குறைக்காமல். "சரி, ஃபேனை?"

"அதையும்."

"மோட்டாரை?"

"ம்."

அவர் நின்றார். நானும் நின்றேன், நிற்கக் கிடைத்ததே என்று நின்றேன்.

"ஐயா, நாற்காலில உக்காந்திருந்தப்ப ஒரே மூச்சுல ஒரு பாராவே சொன்னீங்க. இங்கிருந்து அங்க போனதும் ஒத்தை வார்த்தை. திரும்பி வர்றப்ப வெறும் 'ம்'. உங்களை மாதிரி ஆளு வாக்கியத்தைச் சும்மா சுருக்கமாட்டீங்களே."

தேர்வு வைத்துக்கொண்டிருந்தவன் நான் என்பதை நினைவுபடுத்த வாய் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

அவர் என் மனைவியின் பக்கம் திரும்பினார். "வீடு மாடியாம்மா?"

"மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ரெண்டாவது மாடி தாண்டி நின்னு நோட்டீஸ் படிச்சுட்டுத்தான் வருவாரு."

"என்ன நோட்டீஸ்?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டே இருக்கேன் டாக்டர். அந்தப் பலகைல எதையாவது ஒட்டிப் பல மாசமாச்சு. வெறும் குண்டூசிதான் இருக்கு."

7

[வாசகர்க்கு: இரண்டாம் பகுதியில் தண்ணீர்த்தொட்டி குறித்த அறிவிப்பையும் அதன் பிழைகளையும் விரித்து எழுதியிருந்தேன். அவற்றுக்காக நீங்களும் என்னோடு சேர்ந்து சினம் கொண்டிருக்கலாம். அவ்வறிவிப்பை எழுதியவன் நான். அதன் பிழைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இட்டவனும் நான். இக்கதையின் மற்றக் கதாபாத்திரங்கள் உண்மையானவர்கள். அந்த றகரம் மட்டும் கற்பனை.]

"இது முறையன்று," என்றேன், அறைக்குள் உட்கார்ந்து மூச்சு நேரானதும். "பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு எழுதிய விடை செல்லாது."

"நான் காலேஜ்லயும் அப்படித்தாங்க பாஸ் பண்ணேன்," என்றார் மருத்துவர், என் கணுக்காலை அழுத்திப் பார்த்தபடி. "மூச்சு எதனாலன்னு இன்னும் தெரியாது. மாத்திரையா இருக்கலாம், பம்ப் கொஞ்சம் களைச்சிருக்கலாம், இன்னொரு எடத்துல சுருங்கியிருக்கலாம். எதுவா இருந்தாலும் இப்ப வந்திருக்கீங்க, அது நல்லது. எக்கோவும் ட்ரெட்மில்லும் எடுத்துட்டு வாங்க."

பிறகு நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தார். என் பார்வையை எனக்கே ஒருவர் திருப்பித் தந்தது அதுவே முதன்முறை.

"ஒரு விஷயம். நான் கண்டுபுடிச்சேன். அம்மா சொன்னாங்க. நீங்க மட்டும் இன்னும் சொல்லல. நாம பல வருஷம் பாத்துக்கப்போற ஆளுங்க. ஒவ்வொரு தடவையும் உங்களை நடைவழில ஓட்டித் துப்பறிய என்னால முடியாது, முட்டி வலி. ரிசல்ட்டோட வர்றப்ப அம்மா வெளியில உக்காரட்டும். நீங்களா ஆரம்பிக்கணும். நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

"சொல்லாவிட்டால்?"

"டாக்டரைத் தேடி நீங்க மட்டுந்தான் பரீட்சை வெப்பீங்களா? நானும் பேஷன்ட்டைத் தேர்ந்தெடுப்பேன்."

வீடு திரும்பும்போது மனைவியிடம் கேட்டேன்: "தெரிந்திருந்தும் ஏன் கேட்கவில்லை?"

"லைன்ல ஆள் இருக்காருன்னு தெரியும்," என்றாள். "பேசல. பேசாம இருக்கிறவங்க லைனை நான் ஒரு நாளும் துண்டிச்சதில்ல."

அன்று அவள் கதவருகே நின்று கேட்கவில்லை. திருப்பத்தில், என் பக்கத்தில், பலகையைப் பார்த்தபடி அவளும் நின்றாள். குண்டூசிகள் நேராகவே குத்தப்பட்டிருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை.

8

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதல் முடிவில் எல்லாம் நலம் என்று ஆய்வு சொல்கிறது. தலைவன் மூன்றாம் மாடிக்கு ஓடியே ஏறுகிறான். மனைவி வாசித்துவிட்டு, "ஓடுறவரு யாரு, அந்த ஸ்டேஷன் மாஸ்டரா?" என்றாள். நீக்கினேன்.

இரண்டாம் முடிவு: ~ தலைவன் படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றியவாறே— ~ இதற்குமேல் அவள் வாசிக்கவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். நானும் அதன்பின் அதனைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது உண்மை, ஆகவே அது இன்னும் முடியவில்லை. ஆய்வுகள் இரண்டும் எடுத்தாயிற்று. முடிவுகள் உறையில் இருக்கின்றன. நாளைக் காலை அடுத்த தெருவுக்குப் போகிறோம். அவள் நீல நாற்காலியில் உட்காருவாள். உள்ளே நான் ஒரு வாக்கியம் சொல்லவேண்டும்.

ஒத்திகை பார்த்தேன். 'என் வயதினர் சிலர்க்கு ஏற்படுவதாகக் கூறப்படும் ஒரு நிலை' என்று தொடங்கினால் கௌரவமாக இருக்கிறது. ஆனால் அதில் நான் இல்லை. 'மூச்சு வாங்கப்படுகிறது' என்றால் யாரோ வாங்குகிறார்கள், நான் அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஆயிரக்கணக்கான வாக்கியங்களைத் திருத்திய எனக்கு, தன்னிலையில் ஒன்று சொல்ல இத்தனை வரைவுகள்.

இன்று மாலை, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அந்த வெற்றுப் பலகையில் குத்தி வைத்துவிட்டு வந்தேன். குண்டூசிகளுக்கும் வேலை வேண்டுமல்லவா. மேலேறி வந்த மனைவி வாசித்துவிட்டு வந்து கேட்டாள்.

"கேள்வி மட்டும் இருக்கு. விடை?"

"நீ நிரப்பேன்."

"நான் சொன்னா அது காப்பி. நாளைக்கு நீங்களே நிரப்புங்க."

முடிக்கப்படாத வாக்கியத்தை ஒருபோதும் ஏற்றுக்கொண்டிராத நான், அப்படி ஒன்றோடு இக்கதையை உங்களிடம் விடுகிறேன். என் வாயால் நாளை அது முடியுமா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவு தூரம் என்னோடு ஏறி வந்திருக்கிறீர்கள். நீங்களும் இத்திருப்பத்தில் சற்று நின்று, உங்கள் மூச்சையும் கேட்டுவிட்டு எழுதலாம். பலகையில் இருப்பது இதுதான்:

கோடிட்ட இடத்தை நிரப்புக.

"டாக்டர், படி ஏறும்போது எனக்கு ____________."

மதிப்பெண் நான் இடப்போவதில்லை. விடைத்தாளைத் திருத்துபவர் அடுத்த தெருவில் இருக்கிறார்.